1858ல மதுரைய படம் எடுத்த கேப்டன் ட்ரைப் பத்தி ஆசிரியருக்கு ஒரு கடிதம்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

உலக புகைப்பட தினம்னு ஆகஸ்ட் 19 அன்னிக்கு நீங்க போட்ட தனிப் பக்கத்த ரெண்டு தடவ படிச்சேன். போர்க்களத்துல படம் எடுத்தவங்க, காட்டுல புலிய எடுத்தவங்க, சினிமா ஸ்டில்ஸ் எடுத்தவங்கன்னு எல்லாரப் பத்தியும் நல்லா எழுதிருந்தீங்க, அதுல எனக்கு குறை ஒண்ணும் இல்ல. ஆனா கட்டிடங்கள படம் எடுக்குறதையே தொழிலா வச்சிருந்த ஒரு ஆள் கூட அந்தப் பக்கத்துல இல்ல, அதுவும் நம்ம மதுரை, தஞ்சாவூர், திருச்சி மூணையும் 160 வருஷத்துக்கு முன்னாடியே பெரிய கேமராவ வச்சு ஒவ்வொரு தூணா எடுத்துட்டுப் போன மனுஷன் பேரு இல்ல, அதான் மனசு கேக்காம எழுதுறேன். கடிதம் கொஞ்சம் நீளமா போகும், முழுசா போட முடியலன்னா கூட பரவால்ல, நீங்களாச்சும் முழுசா படிங்க.

அவரு பேரு லினியஸ் ட்ரைப். கேப்டன் ட்ரைப்னு சொல்லுவாங்க.

நான் எப்படி இவரத் தெரிஞ்சுக்கிட்டேன்னு மொதல்ல சொல்லிடுறேன். பதினாறு வயசுல மேலமாசி வீதி பக்கம் ஒரு ஸ்டுடியோல டார்க் ரூம் பையனா சேந்தேன், டெவலப்பர் கலக்குறது, ஹைப்போல பிரிண்ட கழுவுறது, கிளிப் போட்டு காயப்போடுறது, அப்புறம் நெகட்டிவ்ல பென்சில வச்சு குறைய சரிபண்ற டச்சிங் வேலை, இதுதான் என் படிப்பு. அப்புறம் சொந்தமா கல்யாணம், காதுகுத்து, இன்ஜினியருங்களுக்கு கட்டிடப் படம்னு முப்பது வருஷத்துக்கு மேல ஓடிடுச்சு. 2015ல என் அக்கா மகன் லண்டன்ல வேலைல இருந்தான், அங்க விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல ஒரு கண்காட்சிக்குப் போயிட்டு, மாமா இது நம்ம மஹால் தானே பாருங்கன்னு போன்ல ஒரு படம் அனுப்புனான். திருமலை நாயக்கர் மஹால். ஆனா நமக்குத் தெரிஞ்ச மஹால் இல்ல. இடிஞ்சு கெடக்குற வளைவும் மொட்டையா நிக்கிற தூணுமா, நான் பொறந்ததுலருந்து பாத்துட்டு இருக்கற கட்டிடம் சாகப் போற மாதிரி நிக்குது. அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல, போன்ல அந்தப் படத்த பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்துட்டே இருந்தேன், ஒவ்வொரு செங்கலும் தனித்தனியா தெரியுது, 1858ல எடுத்த படத்துல.

அதுக்கப்புறம் தேடித் தேடி படிச்சதத்தான் சொல்றேன்.

1822ல இங்கிலாந்துல டெவன்போர்ட்ன்ற துறைமுக ஊர்ல பொறந்தவரு. 1830கள் கடைசில கிழக்கிந்திய கம்பெனியோட மெட்ராஸ் ராணுவத்துல சின்ன வயசுலயே சேந்துட்டாரு. 1850கள் தொடக்கத்துல நீண்ட லீவுல ஊருக்குப் போனப்பதான் கேமரா கைல கெடச்சிருக்கு, அவங்க ஊரு கப்பல் பட்டறையையும் அங்க கெடந்த மரங்களையும் கப்பல்களையும் எடுத்துப் பழகியிருக்காரு. 1853ல லண்டன்ல புதுசா ஆரம்பிச்ச போட்டோகிராபிக் சொசைட்டில மெம்பரும் ஆயிட்டாரு. 1854ல பெங்களூருக்கு திரும்பி வந்தவரு அதே வருஷம் டிசம்பர்ல ஹளேபீடு, பேலூர்னு போயி ஹொய்சாளர் கோயிலெல்லாம் எடுத்தாரு, யாரும் சொல்லி இல்ல, சம்பளத்துக்கும் இல்ல, சொந்த ஆசைக்கு. அதையெல்லாம் 1855ல மெட்ராஸ்ல நடந்த பெரிய கண்காட்சில வச்சாரு, 68 படம், முதல் தர மெடல் கெடச்சுது.

அப்பதான் கம்பெனிக்காரங்களுக்கும் ஒரு யோசனை வந்திருந்த சமயம். அது வரைக்கும் பழைய கோயில் கோட்டையெல்லாம் ஓவியக்காரங்கள வச்சு வரஞ்சுக்கிட்டு இருந்தாங்க, அதுக்கு மாசக்கணக்கு ஆகும், வரையிறவன் கைய பொறுத்து உருவமும் மாறும், போட்டோன்னா உள்ளது உள்ளபடி வேகமா வந்துடும்னு புரிஞ்சுது. அதனால 1855ல பர்மா ராஜா மிண்டோன் கிட்ட தூது போன குழுவுல ட்ரைப்பையும் சேத்து அனுப்புனாங்க. அமரபுரா, பகான், மிங்குன், ரங்கூன்னு எடுத்துட்டு வந்து பெங்களூர்ல உக்காந்து 120 படத்த 50 செட் பிரிண்ட் போட்டாரு. 120 தடவ 50, ஆறாயிரம் பிரிண்ட் சார். நெகட்டிவ்லருந்து படத்த பெருசாக்குற என்லார்ஜர் கெடையாது, கரண்டு கெடையாது, ஒவ்வொண்ணையும் நெகட்டிவோட ஒட்டவச்சு வெயில்ல காட்டி எடுக்குற காண்டாக்ட் பிரிண்ட். கல்யாண சீசன்ல ஒரே நாள்ல இருநூறு பிரிண்ட் போட்டுட்டு முதுகு வலியோட வீட்டுக்குப் போனவன் நான், அந்த ஆறாயிரம்ன்ற நம்பர் எனக்கு வெறும் நம்பரா தெரியல.

1856ல மெட்ராஸ் மாகாணத்துக்கு அரசாங்க போட்டோகிராபர்னு அவரையே போட்டாங்க. 1857 டிசம்பர்ல பெங்களூர்லருந்து மாட்டு வண்டில கெளம்புனாரு. ராயக்கோட்டை, திருச்சி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர், திருவையாறுன்னு நாலஞ்சு மாசம் சுத்திட்டு மெட்ராஸ் போய்ச் சேந்தாரு. வடக்க சிப்பாய்க் கலவரம் ஓஞ்சும் ஓயாம இருந்த நேரம் அது. கம்பெனிக்காரன் நம்ம மேல இருக்கற பாசத்துல இந்தப் படமெல்லாம் எடுக்கச் சொல்லல, தன் கைல இருக்கற நாட்டுல என்னென்ன இருக்குன்னு கணக்கெடுக்கத்தான் எடுக்கச் சொன்னான், அத நான் மறைக்க விரும்பல. ட்ரைப்பும் அந்த ராணுவத்து ஆபீசர்தான். ஆனா அவரு எடுத்துட்டு வந்தது நம்ம வீட்டுப் படம், அத நம்மதான் உரிமையோட கேக்கணும்.

இந்த இடத்துல அவரு வேலை செஞ்ச விதத்த கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா இப்ப உள்ள புள்ளைங்களுக்கு போன்ல ஒரு தட்டு தட்டுனா படம், அதனால அந்தக் கஷ்டம் பிடிபடாது. அவரு பெரும்பாலும் எடுத்தது பேப்பர் நெகட்டிவ்ல. நல்ல மெல்லிசான பேப்பர மெழுகுல ஊறவச்சு, வெளிச்சம் ஊடுருவுற மாதிரி ஆக்கி, அப்புறம் அயோடைடு உப்பு, வெள்ளி நைட்ரேட் எல்லாம் ஏத்தி இருட்டுல காயவச்சு எடுத்துட்டுப் போறது. அப்ப கண்ணாடித் தகட்டு முறையும் இருந்துச்சு, அதுல இன்னும் துல்லியம் உண்டு, ஆனா தகட்டுல ரசாயனம் ஈரமா இருக்கும்போதே படம் எடுத்து அந்த ஈரம் காயறதுக்குள்ள கழுவிடணும், நம்ம ஊர் வெயில்ல அது எவ்ளோ பெரிய பாடுன்னு நெனச்சுப் பாருங்க. மெழுகு பேப்பர்ல அந்த அவசரம் இல்ல, முன்கூட்டியே செஞ்சு வச்சுக்கலாம், கண்ணாடி மாதிரி வழில உடையாது, வண்டில பாரமும் கம்மி. ஆனா வெயில் ஏறுனா மெழுகு இளகும், தண்ணி சரியில்லன்னா கறை விழும். படத்தோட சைஸும் நெகட்டிவோட சைஸும் ஒண்ணு, அதனால ஒரு அடிக்கு மேல நீளமா படம் வேணும்னா கேமராவும் அந்தளவு பெருசா இருக்கணும், ஒரு ட்ரங்குப் பெட்டிய ஸ்டாண்டு மேல தூக்கி வைக்கிற மாதிரிதான். ஒவ்வொரு படத்துக்கும் நிமிஷக்கணக்குல எக்ஸ்போஷர், அதாவது அவ்ளோ நேரம் லென்ஸ தொறந்து வச்சு வெளிச்சத்த உள்ள விடணும். அதனாலதான் அவரு படத்துல ஆள் நடமாட்டமே தெரியாது, நடந்து போனவங்க எல்லாரும் கரைஞ்சு போயிருப்பாங்க, ஆடாம நின்னவன் மட்டும்தான் பதிஞ்சிருப்பான். மதுரை மாதிரி ஒரு ஊரு காலியா தெரியறத பாத்தா நெஞ்சுல என்னமோ பண்ணும்.

இன்னொண்ணு, என் தொழில்ல உள்ளவங்க இதுக்கு கண்டிப்பா சந்தோஷப்படுவாங்க. அந்தக் கால ரசாயனத்துக்கு நீல நிறம் ரொம்ப சீக்கிரம் பதிஞ்சிடும், அதனால வானம் வெறும் வெள்ளையா போயிடும், மேகமே வராது, பச்சை இலையெல்லாம் கருப்புக் கட்டியா நிக்கும். ட்ரைப் என்ன பண்ணிருக்காருன்னா பேப்பர் நெகட்டிவ் மேல பிரஷ்ஷால மை தொட்டுத் தொட்டு மேகம் வரஞ்சிருக்காரு, மர இலைக்கு வெளிச்சம் குடுத்திருக்காரு, அவ்ளோ நைசா பண்ணிருக்காரு, அவரோட நெகட்டிவ்கள பாக்கலன்னா யாரும் கண்டுபிடிக்கவே முடியாது. இத படிச்சப்ப எனக்கு கண்ணு கலங்கிடுச்சு. 1858ல ஒரு கேப்டன் கூடாரத்துலயோ பெங்களூர் வீட்டுலயோ உக்காந்து பண்ணதையும், நான் மேலமாசி வீதில பல்பு வெளிச்சத்துல பொண்ணு மாப்பிள்ளை முகத்துக்கு பண்ணதையும் நாங்க ஒரே பேர்லதான் சொல்லுவோம், டச்சிங்.

கட்டிடத்த அவரு பிடிச்ச விதமும் பாருங்க. நம்ம போன மேல தூக்கி கோபுரத்த எடுத்தா கோபுரம் பின்னாடி சாஞ்சு உச்சி குறுகிப் போன மாதிரி வரும். அவரு கேமராவ சாய்க்க மாட்டாரு. நேரா, மட்டமா வச்சு, தூரமா தள்ளிப் போயி, முடிஞ்சா உயரமான இடத்துல ஏறி நின்னு எடுப்பாரு, அதனால தூணு தூணா செங்குத்தா நிக்கும். அளவெடுத்தாப்ல இருக்கும். எந்தப் பக்கத்துலருந்து வெளிச்சம் விழுந்தா செதுக்குன வேலை எழும்பித் தெரியும்னு காத்திருந்து எடுத்தது படத்துலயே தெரியுது. அழகா இருக்கறது மட்டும் இல்ல, அந்தப் படத்த வச்சு ஒரு ஸ்தபதியால திரும்ப வேலை செய்ய முடியும்.

மதுரைக்கு மட்டும் நாலு பாகமா ஆல்பம் போட்டிருக்காரு. மீனாட்சி அம்மன் கோயில், கோயில் நகைகள பரப்பி வச்சு எடுத்த ஒரு படம், புதுமண்டபம், அதுல தூணோட தூணா நிக்கிற நாயக்கர் சிலைங்க, பாதில நின்னு போன ராயகோபுரம், தெப்பக்குளம், மஹால், வைகைல தரைப்பாலம், யானைமலை. அப்புறம் நம்ம விளக்குத்தூண். இத படிக்கிற மதுரைக்காரங்க எத்தன பேருக்கு விளக்குத்தூண் கதை தெரியும்னு தெரியல. பிளாக்பர்ன்னு ஒரு கலெக்டர் இருந்தாரு, அவரு காலத்துலதான் மதுரைக் கோட்டைச் சுவர இடிச்சு அகழிய மூடி வெளிவீதியெல்லாம் உருவாக்குனாங்க, அவரு நினைவா வச்சதுதான் அந்தத் தூண். இப்ப துணி வாங்கப் போறவங்க அத தாண்டித் தாண்டிப் போறாங்க, யாரும் நிமிந்து கூட பாக்குறதில்ல. ட்ரைப் எடுத்தப்ப கோட்டை போயி பத்துப் பதினஞ்சு வருஷம்தான் ஆகியிருக்கும், மதுரைக்கு அப்பதான் புதுச் சட்டை போட்ட மாதிரி.

நான் அந்தப் படங்கள பிரிண்ட் போட்டு எடுத்துக்கிட்டு அவரு நின்ன இடத்துல போயி நின்னு பாக்கணும்னு ஒரு வருஷம் ஞாயித்துக்கிழமை தோறும் சுத்துனேன். விளக்குத்தூண் பக்கம் முடியல, தூண் முழுசா ஃப்ரேம்ல வரணும்னா தள்ளிப் போகணும், தள்ளிப் போனா ஜவுளிக்கடைக்குள்ள நிக்கணும், நடுவுல எட்டு கேபிள் வயர். வைகைல அவரு எடுத்தப்ப ஏ.வி. பாலமே கெடையாது, அது 1889ல வந்தது. புதுமண்டபத்துல கொஞ்ச வருஷம் முன்னாடி வரைக்கும் டெய்லர் கடையும் புத்தகக் கடையும் நெருக்கி இருந்ததால தூணே தெரியாது, இப்ப கடையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்திட்டாங்க, அதனால திரும்ப ட்ரைப் பாத்த மாதிரி பாக்க ஒரு வாய்ப்பு வந்திருக்கு. மஹால்ல மட்டும் ஏறக்குறைய அவரு நின்ன இடத்தக் கண்டுபிடிச்சேன். பிரிண்ட கைல பிடிச்சுக்கிட்டு தூணையும் படத்தையும் மாறி மாறி பாத்தேன், எந்த வளைவு பழசு, எந்த வளைவு பின்னாடி கட்டுனதுன்னு ஒண்ணொண்ணா பிரிஞ்சு தெரிஞ்சுது. 1866லருந்து 1872 வரைக்கும் மெட்ராஸ் கவர்னரா இருந்த நேப்பியர் பிரபு காலத்துலதான் மஹால தூக்கி நிறுத்துனாங்க, ட்ரைப் எடுத்தது அதுக்கு முன்னாடி. ட்ரைப் படம் இல்லன்னா நம்ம இன்னிக்கு பாக்குற மஹால்ல எது நாயக்கர் கட்டுனது எது ரிப்பேர்ல வந்ததுன்னு கண்ணால காட்டச் சொன்னா ரொம்ப சிரமம். அங்க வந்திருந்த ஒரு காலேஜ் பொண்ணு என் கைல இருந்த படத்த எட்டிப் பாத்துட்டு, தாத்தா இது எந்த ஊருன்னு கேட்டுச்சு. நீ நிக்கிற இடம்தான்மான்னு சொன்னேன், அந்தப் புள்ள பத்து நிமிஷம் அங்கயே நின்னுச்சு.

தஞ்சாவூர்ல அவரு பண்ணதுதான் என்னைப் பொறுத்தவரைக்கும் அவரு வாழ்க்கைலயே பெரிய வேலை. பெரிய கோயில் விமானத்தோட அடிச்சுவர்ல ராஜராஜன் காலத்து கல்வெட்டு ஓடுதுல்ல, அத அப்படியே நூல் பிடிச்ச மாதிரி ஓரமா கேமராவ நகத்தி நகத்தி எடுத்து 21 பிரிண்ட்ட ஒட்டி ஒரே நீளப் படமா ஆக்கிட்டாரு, கிட்டத்தட்ட 19 அடி. இப்ப நம்ம போன்ல பனோரமான்னு ஒரு பட்டன் இருக்கு. அவருக்கு ஒவ்வொரு துண்டும் ஒரே தூரத்துல, ஒரே உயரத்துல, வெளிச்சம் மாறாம இருக்கணும், ஒரு துண்டு சொதப்பினா மொத்தமும் போச்சு, அதுவும் அந்த எழுத்த அவரால ஒரு வார்த்தை படிக்க முடிஞ்சிருக்காது. படிக்கத் தெரியாத எழுத்த, தெரிஞ்சவன் என்னிக்காவது வந்து படிப்பான்னு அவ்ளோ பொறுமையா எடுத்து வச்சிருக்காரு. பின்னாடி ஹுல்ஷ் போன்ற அறிஞருங்க வந்து படிச்சு 1891லருந்து தென்னிந்திய கல்வெட்டுகள் தொகுதில பதிப்பிச்சாங்க, அதுக்கு முப்பது வருஷத்துக்கு மேல முன்னாடி நடந்த வேலை இது.

ஸ்ரீரங்கத்தப் பத்தியும் ஒரு வரி. இப்ப 236 அடி ராஜகோபுரத்த பாத்துட்டு இது ஆதிலருந்தே இப்படித்தான்னு நெனைக்கிற புள்ளைங்க இருக்காங்க, அது முடிஞ்சதே 1987ல. ட்ரைப் வந்தப்ப அது வெறும் அடிக்கட்டா நின்னுச்சு.

மெட்ராஸ் போய்ச் சேந்தப்புறம் மியூசியத்துல இருந்த, ஆந்திராவுல அமராவதி பௌத்த ஸ்தூபியோட சிற்பங்கள எடுத்தாரு. வால்டர் எலியட்ன்ற கம்பெனி அதிகாரி 1845ல தோண்டி எடுத்து அனுப்பிவச்ச கல்லுங்க அது, 1859ல லண்டனுக்கு கப்பல் ஏறிடுச்சு, இப்ப பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. நம்ம மண்ணுல இருந்தப்ப எப்படி இருந்துச்சுன்றதுக்கு ட்ரைப் எடுத்த படம்தான் சாட்சி.

இவ்ளோ பண்ணவருக்கு என்ன நடந்துச்சுன்னா, 1859ல டிரெவெல்யன்னு புது கவர்னர் வந்தாரு. கலவரத்துக்கு அப்புறம் கஜானா காலி, எங்கெங்க செலவ வெட்டலாம்னு பாத்தாங்க, இந்த போட்டோ டிபார்ட்மெண்ட் இப்ப இருக்கற நிலைமைக்கு ஒத்துவராத ஆடம்பரம்னு சொல்லி மூடச் சொல்லிட்டாரு. அவ்ளோதான். 1860ல எல்லாம் முடிஞ்சுது. ட்ரைப்புக்கு அப்ப வயசு 38 கூட முழுசா ஆகல. 1854 டிசம்பர்லருந்து கணக்குப் போட்டா ஆறு வருஷம் கூட நிறையல. அதுக்கப்புறம் ராணுவ வேலைக்குத் திரும்பிட்டாரு, 1870கள்ல ரிடையர் ஆகி ஊருக்குப் போயி, பொறந்த டெவன்போர்ட்லயே 1902ல காலமானாரு. நாப்பது வருஷத்துக்கு மேல வாழ்ந்திருக்காரு, ஆனா கேமராவ கிட்டத்தட்ட தொடவே இல்ல, பர்மால கொஞ்சம் படம் எடுத்ததோட சரி. தொழில விட்டு அந்த மனுஷன் எப்படி இருந்திருப்பாருன்னு எனக்கு அடிக்கடி தோணும், ஏன்னா டிஜிட்டல் வந்தப்ப என் கூட வேலை பாத்த டச்சிங் ஆளுங்க ரெண்டு பேரு பிரஷ்ஷ கீழ வச்சுட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போனத நான் பாத்திருக்கேன்.

அவரு விட்டுட்டுப் போன வேலைய அப்புறம் 1867, 68ல கேப்டன் லயன்னு ஒருத்தர் வந்து அரசாங்கத்துக்காக தெற்கத்திக் கோயில்கள திரும்ப எடுத்தாரு, அதுவும் அருமையான படங்கள்தான். ஆடம்பரம்னு மூடுன வேலைய ஏழெட்டு வருஷத்துலயே திரும்ப காசு குடுத்து ஆரம்பிக்க வேண்டியதா போச்சு பாருங்க.

ஒரே ஒரு வருத்தம் எனக்கு. அந்த பெரிய கேமராவ தூக்குனவங்க, தண்ணி இறைச்சவங்க, ரசாயனம் கலக்குனவங்க, வெயில்ல நின்னு பிரிண்ட் போட்டவங்க எல்லாரும் நம்ம ஊரு ஆளுங்களாத்தான் இருந்திருக்கணும். படத்துக்குக் கீழ ட்ரைப் பேரு இருக்கு, அவங்க பேரு இல்ல. எந்த டார்க் ரூம் பையனோட பேரும் எந்த படத்துலயும் இருக்காது, அது எனக்கு நல்லாத் தெரியும்.

இப்ப நான் எதுக்கு இத்தனையும் சொன்னேன்னு சொல்லிடுறேன். எங்க சொந்த ஊரு மேலூர் தாண்டி ஒரு கிராமம். அங்க ஒரு சின்னக் கோயில், முன்னாடி பழைய கல் மண்டபம், ஆறு தூண், ஒவ்வொரு தூண்லயும் வேலைப்பாடு. பல வருஷம் முன்னாடி கும்பாபிஷேகத்துக்காக அந்த மண்டபத்த பிரிச்சுட்டு சிமெண்ட்ல புதுசா கட்டி பெயிண்ட் அடிச்சாங்க. யாரையும் குத்தம் சொல்ல வரல, ஊர்க்காரங்க பக்தியோட பண்ணதுதான், கும்பாபிஷேக அழைப்பிதழுக்கு படம் எடுக்க என்னையத்தான் கூப்டாங்க, நான் போறப்போ தூணெல்லாம் உடைஞ்சு வேலியோரம் கெடக்குது. பிரிக்கிறதுக்கு முந்தின நாள் ஒரு போன் பண்ணிருந்தா நான் காசு வாங்காம ரெண்டு ரோல் எடுத்துக் குடுத்திருப்பேன். அப்புறம் வீட்டுக்கு வந்து என் நெகட்டிவ் பெட்டிய பூரா கொட்டித் தேடுனேன். 1994ல அந்தக் கோயில்ல நடந்த ஒரு கல்யாணம் நான் எடுத்தது, அதுல மூணு நெகட்டிவ்ல பொண்ணு மாப்பிள்ளைக்குப் பின்னாடி நாலு தூண் தெரியுது, பாதி ஃபோகஸ் இல்ல, பாதி மாலையும் சொந்தக்காரங்க தலையும் மறைக்குது. அந்த மண்டபத்துக்கு இன்னிக்கு உலகத்துல இருக்கற ஒரே சாட்சி அந்த மூணு நெகட்டிவ்தான், அதுலயும் ஒண்ணுல பூஞ்சை பிடிச்சிடுச்சு.

1858ல மாட்டு வண்டில வந்தவன் மதுரை மண்டபத்த ஒரு தூண் விடாம எடுத்து வச்சுட்டுப் போயிட்டான், கைல கேமராவோட அதே ஜில்லாவுல முப்பது வருஷம் சுத்துன என் கிட்ட எங்க ஊர் மண்டபத்துக்கு ஒரு ஒழுங்கான படம் இல்ல. இது என்னை ரொம்ப நாளா உறுத்துது ஐயா.

அதனால உங்க பத்திரிகை மூலமா மூணு விஷயம் கேக்குறேன். திருப்பணின்னு எந்தக் கோயில்ல கை வச்சாலும், பழைய சத்திரம், பழைய பள்ளிக்கூடம் எத இடிச்சாலும், அதுக்கு முன்னாடி அந்த ஊர்ல இருக்கற போட்டோகிராபர் ஒருத்தரக் கூப்டு, கேமராவ மட்டமா வச்சு, நாலு பக்கமும், ஒவ்வொரு தூணும், ஒவ்வொரு கல்வெட்டும் எடுத்து வைக்கிறத கட்டாயமாக்கணும். பிரஷர்ல மணல அடிச்சு கல்லக் கழுவுறேன்னு எத்தனையோ இடத்துல எழுத்தே தேஞ்சு போச்சு, கழுவுறதுக்கு முன்னாடி ஒரு படம் இருந்தாக்கூட போதும், எழுத்தாச்சும் மிஞ்சும். பெரிய செலவு கெடையாது, ஒரு கல்யாண ஆல்பத்துக்கு ஆகுற காசு.

அடுத்தது, ட்ரைப் எடுத்த படங்கள அந்தந்த இடத்துலயே பெருசா பிரிண்ட் போட்டு வைக்கணும். மஹால்ல அவரு நின்ன இடத்துல ஒண்ணு, விளக்குத்தூண் பக்கத்துல ஒண்ணு, புதுமண்டபத்துல ஒண்ணு, பெரிய கோயில்ல அந்த 19 அடி படத்துக்கு அதே 19 அடில ஒரு காப்பி. லண்டன்ல பிரிட்டிஷ் லைப்ரரிலயும் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துலயும் இருக்கு, கண்காட்சி வாஷிங்டன், நியூயார்க், லண்டன்னு போச்சு. மதுரைக்கு வரல. மஹால் தூண்ல ஆணிய வச்சு பேரு கீறுற பசங்க, அந்தத் தூண் எந்த நிலைமைலருந்து எந்திரிச்சு வந்துச்சுன்னு பக்கத்துலயே பாத்தா கை கொஞ்சமாச்சும் தயங்கும்னு நம்புறேன்.

இன்னொண்ணு பழைய ஸ்டுடியோக்காரங்களுக்கும் அவங்க புள்ளைங்களுக்கும். கடைய காலி பண்றப்போ நெகட்டிவ் பெட்டிய எடைக்குப் போட்டுடாதீங்க. அதுல இருக்கற கல்யாணத்துக்கெல்லாம் பின்னாடி உங்க ஊரு நிக்குது, இடிச்ச தேர் நிலை, மூடுன குளம், வெட்டுன ஆலமரம், எல்லாம் அவுட் ஆஃப் ஃபோகஸ்ல அங்கதான் இருக்கு. நான் என் பெட்டிகள இப்ப ஒவ்வொண்ணா ஸ்கேன் பண்ண ஆரம்பிச்சிருக்கேன், பேரன் ஒத்தாசைக்கு இருக்கான், 1987லருந்து 1996 வரைக்கும் முடிச்சாச்சு.

எங்க ஊர் மண்டபத்துல ஆறு தூண்னு சொன்னேன்ல, நாலுக்கு படம் இருக்கு. வடக்குப் பக்கம் கடைசி ரெண்டு தூண்ல என்ன சிற்பம் இருந்துச்சுன்னு என்னால சொல்ல முடியல, ஒண்ணு யாளின்னு எங்க அத்தை சொல்றாங்க, இன்னொண்ணு குதிரைவீரன்னு ஒரு பெரியவர் சொல்றாரு. 1994க்கு முன்னாடி மேலூர் பக்கம் கிராமத்துக் கோயில்கள்ல விசேஷம் பண்ணவங்க யாராச்சும் இந்தக் கடிதத்த படிச்சா, வீட்டு ஆல்பத்த ஒரு தடவ எடுத்து, ஆளுங்கள விட்டுட்டு பின்னாடி என்ன தெரியுதுன்னு பாருங்க. அப்படி ஏதாவது தூண் தெரிஞ்சா உங்க பத்திரிகை ஆபீஸுக்கு ஒரு காப்பி அனுப்பிவச்சாங்கன்னா, நான் வந்து வாங்கிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்க பத்திரிகைய முப்பது வருஷமா வாங்குற ஒரு போட்டோகிராபர்,
தெற்குவாசல், மதுரை.